மகாராஜாவும் அகதி ஓவியரும்

வாசகர்களே, அரண்மனை என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? மைசூர் தசராவின்போது ஆயிரமாயிரம் விளக்குகளோடு ஜொலிக்கும் அரண்மனையா? மதுரை திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களா? எதுவானாலும், நாலு தலைமுறையாவது அரசர்கள் வாழ்ந்து, பிள்ளை பெற்று, சண்டையிட்டு, சமாதானமாகி, சுவரெல்லாம் கதை ஏறிப்போன பழைய கட்டடம் ஒன்றுதானே தோன்றும்?

இன்று உங்களை நான் அழைத்துப் போகும் அரண்மனை அப்படிப்பட்டதல்ல. அதைக் கட்டி முடித்த மகாராஜா, முடித்த பிறகு நாலு வருஷம்தான் உயிரோடிருந்தார். அதன் சுவர்களை அழகு செய்த ஓவியருக்கோ அந்த நாட்களில் சொந்த ஊர் என்று திரும்பிப் போக ஓர் இடமே இல்லை. இந்த இரண்டு பேரையும் ஓர் உலக மகா யுத்தம் சேர்த்து வைத்தது. அந்தச் சேர்க்கையின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஒரு கூஜா தண்ணீரையும் ஒரு தொப்பியையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். போகிற ஊர் ஜோத்பூர். தார்ப் பாலைவனத்தின் வாசற்படி!

ரயிலில் இரண்டு இரவு. மூன்றாம் நாள் காலையில் ஜன்னல் வழியே பார்த்தால் பச்சை என்பதே கண்ணில் படவில்லை. முள்மரம், மணல், நடுநடுவே தலைப்பாகையோடு ஒரு மனிதர், அவருக்குப் பின்னால் ஓர் ஒட்டகம். "இந்த ஊரில் மனுஷர்கள் எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்கிறார்கள்?" என்று என் மனைவி கவலைப்பட்டாள். அவளுடைய கவலை ஸ்டேஷனுக்கு வெளியே வந்த பத்தாவது நிமிஷம் தீர்ந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மிளகாய் வடை. நம் ஊர் மிளகாய் பஜ்ஜிக்கு அண்ணன். கூடவே, கரண்டி போட்டால் சாயாமல் நிற்கிற லஸ்ஸி. மாமாங்கக் குளத்தில் முங்கி எழுந்தவள் மாதிரி அவள் முகம் தெளிந்துவிட்டது.

ஜோத்பூருக்குப் போகிறவர்கள் முதலில் ஏறுவது மேஹ்ரான்கர் கோட்டையில். ராவ் ஜோதா என்ற ராத்தோர் மன்னர் 1459-ல் இந்த ஊரை ஸ்தாபித்து, செங்குத்தான பாறையின் மேல் இந்தக் கோட்டைக்கு அஸ்திவாரம் போட்டார். கொத்தளத்திலிருந்து கீழே பார்த்தால் ஊரே நீலம். வீட்டுச் சுவர்களுக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு அடிக்கிறார்கள். துணிக்கு நீலம் போடுவோமே, அதுபோல யாரோ ஊருக்கே நீலம் போட்டு உலர்த்தியிருக்கிறார்கள் என்று தோன்றும்.

அந்த நீலத்துக்கு அப்பால், தூரத்துக் குன்றொன்றின் மேல், பெரிய கும்மட்டத்தோடு இளமஞ்சள் நிறத்தில் ஒரு கட்டடம் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதுதான் உமேத் பவன். ஊர் ஜனங்களுக்கு அது 'சித்தர் அரண்மனை'. நம் பதினெண் சித்தர்களில் யாரோ ஒருவர் வடக்கே போய்த் தவம் செய்த இடமோ என்று சந்தோஷப்பட வேண்டாம். அந்தக் குன்றுக்கே அதுதான் பெயர்.

பஞ்சம் கட்டிய அரண்மனை

பஞ்ச காலத்தில் மகாராஜா ஒருவர் அரண்மனை கட்டினார் என்றால் உங்களுக்குக் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது. ஆனால் கதையை முழுதும் கேளுங்கள்.

மார்வாரில் மழை பொய்ப்பது புதிதல்ல. 1920-களில் அடுத்தடுத்து வறட்சி. கிணறு வற்றியது, ஆடு மாடு செத்தது. அப்போது ஜோத்பூர் சமஸ்தானத்தை ஆண்டவர் மகாராஜா உமேத் சிங். 1903-ல் பிறந்தவர், பதினைந்து வயதில் பட்டத்துக்கு வந்தவர். தானியத்தைச் சும்மா அளந்து போட்டால் மானமுள்ள குடியானவன் வாங்கிக் கொள்ளக் கூசுவான். வேலை கொடுத்துக் கூலியாகக் கொடுத்தால் தலை நிமிர்ந்து வாங்கிக் கொள்வான். ஆகவே ஒரு பெரிய கட்டட வேலையைத் தொடங்கினார்கள். 1929 நவம்பரில் அஸ்திவாரக் கல் நாட்டியாயிற்று. இரண்டாயிரம், மூவாயிரம் பேருக்கு வருஷக்கணக்கில் அடுப்பு எரிந்தது. வேலையும் நிதானமாகவே நடந்தது. சீக்கிரம் முடித்துவிட்டால் கூலி நின்றுவிடுமே!

லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயச் சிற்பி வரைபடம் போட்டார். அந்தப் பக்கத்து மணற்கல்லையே வெட்டி, கல்லோடு கல்லைக் கோத்துப் பூட்டுவது போல அடுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 347 அறைகள்! "பெருக்கித் துடைக்கிறவளை நினைத்துப் பார்த்தீர்களா?" என்றாள் என் மனைவி. அவளவள் கஷ்டம் அவளவளுக்கு. அந்தக் காலத்து ரூபாயில் ஒரு கோடிக்கு மேல் செலவாயிற்று. பதினான்கு வருஷ வேலை முடிந்தது 1943-ல்.

1943! வருஷத்தைக் கவனித்தீர்களா? இரண்டாம் உலக யுத்தத்தின் நடு மத்தி அது. ஜோத்பூர்ப் படை அந்த வருஷம்தான் இத்தாலியில் சலேர்னோ கடற்கரையில் இறங்கிச் சண்டையிட்டது. மகாராஜாவோ விமானப் பித்தர். தாமே விமானம் ஓட்டுவார். அவர் அமைத்த விமான நிலையத்தில் 1930-களிலேயே ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசை போகும் விமானங்கள் இறங்கிப் போயின. இப்போது அங்கே யுத்த விமானங்கள்.

இந்தச் சமயத்தில் புது அரண்மனைக்கு ஒரு சங்கடம் வந்தது. நாற்காலி, மேஜை, கட்டில், அலங்காரச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் லண்டனில் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அவற்றை ஏற்றிக்கொண்டு வந்த கப்பல் 1942-ல் ஜெர்மானியரின் தாக்குதலில் மூழ்கிப் போயிற்று. 347 அறை இருக்கிறது. உட்கார ஆசனம் இல்லை. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு முடித்த பிறகு சமையல்காரர் வரவில்லை என்றால் எப்படி இருக்கும்? அந்தக் கதிதான்.

வீடு இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அதே நேரத்தில், உள்ளத்தில் எல்லாம் வைத்துக்கொண்டு வீடில்லாமல் அலைந்துகொண்டிருந்தார் ஒரு மனிதர். அவரை இப்போது சந்திப்போம்.

வார்ஸாவிலிருந்து வந்தவர்

போலந்து தேசத்தின் தலைநகரம் வார்ஸா. அங்கே 1892-ல் பிறந்தவர் ஸ்டெபான் நோர்ப்ளின். அவர் பிறந்த குடும்பத்துக்கு ஒரு விசித்திர வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸிலிருந்து ஜான் பியேர் நோர்ப்ளின் என்ற ஓவியர் போலந்துக்குப் போனார். அங்கே சர்டோரிஸ்கி என்ற பிரபு குடும்பம் அவரை ஆதரித்து, தங்கள் குழந்தைகளுக்குச் சித்திரம் கற்றுக் கொடுக்கும் வேலையையும் கொடுத்தது. 1794-ல் போலந்து மக்கள் அந்நியரை எதிர்த்துப் புரட்சி செய்தபோது, அந்தக் காட்சிகளை நேரிலிருந்து வரைந்து வைத்தவர் அவர். அந்த வம்சத்தில் வந்தவர்தான் நம் ஸ்டெபான். பரதேசத்துப் பிரபுவின் வீட்டில் தூரிகை பிடிப்பது குடும்பத்துக்கே எழுதிய எழுத்து போலும்!

ஸ்டெபானை முதலில் வியாபாரம் படிக்கத்தான் அனுப்பினார்கள். நம் வீடுகளில் பையன் பாட்டுப் பாடினால் "முதலில் பி.ஏ. பாஸ் பண்ணு" என்பதில்லையா? ஆனால் அவர் கை கணக்கெழுத மறுத்தது. உருவப்படம் எழுதுவதில் பெயர் பெற்றார். வார்ஸாவின் பெரிய மனிதர்கள் அவர் முன் வந்து உட்கார்ந்தார்கள். போலந்தின் தலைவர் பில்சுட்ஸ்கியின் படத்தையும் எழுதினார். ஊர் ஊராகச் சென்று பார்க்கும்படி ஜனங்களை அழைக்கும் வண்ண விளம்பரத் தாள்களும் போட்டார். லேனா ஸெலிஹோவ்ஸ்கா என்ற சினிமா நட்சத்திரத்தை 1933-ல் மணந்தார். பணம், புகழ், அழகான மனைவி. ஜோதிடர் எவரேனும் அப்போது அவர் கையைப் பார்த்திருந்தால் "ஒரு குறையும் இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார்.

1939 செப்டம்பர் முதல் தேதி. ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. பதினேழாம் தேதி கிழக்கிலிருந்து ரஷ்யப் படையும் நுழைந்தது. முறத்தில் இரண்டு பக்கமும் புடைத்தால் நடுவில் இருக்கும் நொய் என்ன ஆகும்? நோர்ப்ளினும் லேனாவும் நாட்டை விட்டு ஓடினார்கள். ருமேனியா, துருக்கி, இராக் என்று தேசம் தேசமாகக் கடந்தார்கள். வழியில் படம் எழுதிக் கொடுத்துச் சோறு தேடினார். 1941-ல் இந்தியா வந்து சேர்ந்தார்கள்.

அந்த யுத்த காலத்தில் நம் தேசத்துக்கு வந்த போலந்துக்காரர்கள் அவர்கள் இருவர் மட்டுமல்ல. ஜாம்நகர் மகாராஜா திக்விஜயசிங், ரஷ்யாவிலிருந்து வந்த போலந்து அநாதைக் குழந்தைகள் பல நூறு பேருக்கு 1942-ல் பாலாசடி என்ற கடற்கரை ஊரில் முகாம் அமைத்து, அவர்களைத் தம் பிள்ளைகளாகவே பாவித்தார். கோலாப்பூருக்கு அருகிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு முகாம் இருந்தது. நாமே அந்நியன் ஆட்சியில் இருந்தோம். நாமே அரைவயிற்றுக் கஞ்சி குடித்தோம். அந்த நிலையிலும் வந்தவர்க்கு இலை போட்டோம் என்பதை நினைக்கும்போது கொஞ்சம் பெருமைப்படலாம், தப்பில்லை.

நோர்ப்ளின் பம்பாயில் இருந்துகொண்டு சமஸ்தானங்களில் வேலை தேடினார். மோர்வி சமஸ்தானத்தின் புதிய அரண்மனைக்குச் சுவர்ச் சித்திரங்கள் எழுதினார். அவருடைய கைவண்ணம் பற்றி அரண்மனைகளுக்குள்ளே செய்தி பரவியது. ஜோத்பூரிலிருந்து அழைப்பு வந்தது.

சுவர் பேசுகிறது

இன்றைக்கு உமேத் பவனில் ஒரு பகுதி அரச குடும்பம் வாழும் வீடு. ஒரு பகுதி பெரிய ஹோட்டல். ஒரு பகுதி பொருட்காட்சி சாலை. பொருட்காட்சி சாலைக்குச் சீட்டு வாங்கி யாரும் போகலாம். மற்ற இடங்களில் நம்மைப் போன்றவர்கள் நுழைவது சிரமம். நான் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டு போயிருந்தேன். வெள்ளை மீசையை இரண்டு பக்கமும் முறுக்கி, ஆரஞ்சு வர்ணத் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் எங்களை அழைத்துப் போனார். அவருக்குத் தமிழ் தெரியாது; எனக்கு ஹிந்தி அரைகுறை. ஆனால் "ஆயியே சாப்" என்று அவர் கை காட்டிய விதத்திலேயே பாதிக் கதை விளங்கிவிட்டது.

நடுக் கூடத்துக்குப் போனதும் தலை தானாக மேலே நிமிர்ந்தது. நூறடிக்கு மேலே கும்மட்டம். எங்கள் காலடிச் சத்தம் மேலே போய்த் திரும்பி வந்து எங்களையே "யார்?" என்று விசாரித்தது. அங்கிருந்து சிம்மாசன மண்டபம் சென்றோம்.

வாசகர்களே, நான் எதிர்பார்த்துப் போனது ஒன்று; பார்த்தது வேறு. வெள்ளைக்கார ஓவியர் எழுதிய ராமாயணம் என்றால் நாடகக் கம்பெனி வேஷம் போல் இருக்கும் என்று நினைத்தேன். ரவி வர்மா படங்களையும், காலண்டர் படங்களையும் பார்த்துப் பழகிய கண் இது. அங்கே இருந்ததோ நீண்டு மெலிந்த உருவங்கள். வில்லாக வளைந்த கோடுகள். அலைபோல் அசையும் ஆடைகள். 1930-களில் ஐரோப்பாவில் பரவியிருந்த நாகரிகப் பாணி அது. ஆனால் அந்தப் பாணியின் உடம்புக்குள்ளே ஓடுகிற உயிர் நம்முடையது. ராவணன் சீதையைக் கவர்ந்து செல்லும் சித்திரத்தின் முன் என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இவருக்கு யார் ராமாயணம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பிறகு தோன்றியது: அவருக்கு ராமாயணத்தை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. ராமாயணம் என்ன? ஒரே நாளில் வீடு வாசல் இழந்து மனைவியோடு ஊரை விட்டுப் போனவன் கதை. அதைத்தானே அவர் வாழ்ந்துகொண்டிருந்தார்? பெயர்களையும் ஆயுதங்களையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். வனவாசம் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அங்கிருந்து மேலும் பல இடங்களைப் பார்த்தோம். மகாராணிக்கென்று அமைந்த அறையில் சிங்கத்தின் மேல் அமர்ந்த தேவி. நிலவறை நீச்சல் குளத்தில் பன்னிரண்டு ராசிகளின் உருவங்கள். "என் ராசி எங்கே?" என்று தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் என் மனைவி அங்கிருந்து நகர்ந்தாள். கப்பலோடு போன சாமான்களுக்குப் பதிலாக அறைகளின் உள் அலங்காரம், ஆசனங்கள் ஆகியவற்றுக்கும் நோர்ப்ளினே யோசனை சொல்லி வரைபடம் போட்டார். இவை போக, அவருடைய சொந்தத் தொழிலான உருவப்படம். அரச குடும்பத்தாரின் முகங்களையும் அவர் தூரிகை எழுதி வைத்தது.

வெளியே வராந்தாவில் உட்கார்ந்தோம். என் மனைவி ஒரு சந்தேகம் கிளப்பினாள். "மகாராஜா பணம் கொடுத்தார், இவர் படம் போட்டார். இதிலே சிநேகம் எங்கே வந்தது? நம் வீட்டுக்கு வெள்ளையடித்த ஆளுக்கும் கூலி கொடுத்தோம். அவன் நமக்குச் சிநேகிதனா?"

நியாயமான கேள்விதான். நான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன்: "நீ யுத்த காலத்தை மறந்து பேசுகிறாய். அரிசிக்கு ரேஷன், துணிக்கு ரேஷன் என்றிருந்த காலம். சுவரில் படம் யாருக்கு அவசரம்? யுத்தம் முடியட்டும் என்று காத்திருந்தால் லண்டனிலிருந்து வேறு கப்பலில் சாமான் வந்திருக்கும். அப்படிச் செய்யாமல், விலாசமே இல்லாத ஒரு மனிதனிடம் தம் வீட்டையே ஒப்படைத்தாரே, அதை என்னவென்று சொல்வது? ஒரு வீட்டில் அந்நியனுக்குத் திண்ணை வரைக்கும் இடம் உண்டு. இவருக்கோ சிம்மாசனத்துக்குப் பின்னால் இருக்கும் சுவர், படுக்கை அறை, பூஜிக்கிற தெய்வத்தின் ரூபம், குடும்பத்தாரின் முகம், எல்லாவற்றிலும் கை வைக்க உரிமை கொடுத்திருக்கிறார்கள். கூலிக்காரனிடம் சுவரைக் கொடுப்பார்கள். முகத்தைக் கொடுப்பார்களா?"

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "பார்க்கலாம்" என்றாள். மீதிக் கதை அவளுக்கு அப்போது தெரியாது.

ஐந்து வருஷங்கள்

1945-ல் யுத்தம் முடிந்தது. எல்லோரும் வீடு திரும்பும் வேளையில் நோர்ப்ளினுக்குத் திரும்ப வீடில்லை. 1944-ல் ஜெர்மானியர் வார்ஸாவைத் தெருத் தெருவாக இடித்துத் தள்ளியிருந்தார்கள். போலந்தில் ரஷ்யாவின் செல்வாக்கில் ஒரு புதிய ஆட்சி ஏற்பட்டது. இங்கோ இந்தியா விடுதலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சமஸ்தானங்களின் எதிர்காலம் என்ன என்று யாருக்கும் தெரியாது. அரண்மனைகளை நம்பி ஓர் ஓவியர் எத்தனை நாள் இருக்க முடியும்? இந்தியாவில் இருந்த காலத்தில் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. 1946-ல் மூவரும் அமெரிக்காவுக்குக் கப்பலேறி ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

1947 ஜூன் 9. குடல்வால் நோயால் மகாராஜா உமேத் சிங் அபு மலையில் காலமானார். வயது 43. சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. பதினான்கு வருஷம் கட்டிய வீட்டில் அவர் வாழ்ந்தது நாலே வருஷம்.

1952 ஜனவரி 26. பட்டத்துக்கு வந்த அவருடைய மகன் ஹன்வந்த் சிங், முதல் பொதுத் தேர்தலில் போட்டியிட்டு, முடிவு தெரிவதற்கு முன் தாம் ஓட்டிய விமானம் விழுந்து மாண்டார். வயது 28. அவருடைய மகன் கஜ் சிங்குக்கு அப்போது நாலு வயது.

அதே 1952 ஆகஸ்ட். ஸான் பிரான்ஸிஸ்கோவில் நோர்ப்ளினின் கண்களில் ஒரு நோய் புகுந்திருந்தது. பார்வை நாளுக்கு நாள் மங்கியது. ஓவியனுக்குக் கண் போவதென்றால்? மனைவிக்கும் குழந்தைக்கும் பாரமாகிவிடுவோமே என்ற எண்ணம் அவரை அரித்தது. அறுபதாவது வயதில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

ஐந்து வருஷமும் சில மாதங்களும் கழிவதற்குள் அரண்மனையைக் கட்டியவர் இல்லை. ஆள வேண்டியவர் இல்லை. அழகு செய்தவரும் இல்லை. எஞ்சியவர்கள் ஒரு நாலு வயதுப் பாலகனும், பேசாத சுவர்களும்தான்.

அந்தப் பெரியவர் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். நாங்களும்தான். தோட்டத்தில் ஒரு மயில் அகவியது.

கடன் தீர்ந்த கதை

போலந்தில் நோர்ப்ளினை மறந்தே போனார்கள். தேசத்தை விட்டுப் போனவர். அவருடைய படங்கள் பலவும் யுத்தத்தில் அழிந்தன. மிச்சமிருந்தவை சிதறிப் போயின. உருவப்படம் எழுதுகிறவனின் விதியே அப்படித்தான். அவன் எழுதிய முகத்துக்குத்தான் பெயர். எழுதியவன் பெயர் ஒரு மூலையில் பூச்சி போல் ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டத்தைக் கழற்றினால் படம் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம்.

ஆனால் சுவரைக் கழற்ற முடியுமா? ஜோத்பூரில் அவர் எழுதியவை அங்கேயே இருந்தன. அரண்மனைக்கும் கஷ்ட காலம் வந்தது. 1971-ல் மன்னர் மானியம் ரத்தாயிற்று. பல ஊர்களில் அரண்மனைகள் ஏலத்துக்கு வந்தன. சில வௌவால் குடியிருப்புகளாயின. படிப்பு முடித்து இங்கிலாந்திலிருந்து திரும்பிய கஜ் சிங் ஒரு காரியம் செய்தார். 1970-களின் பிற்பகுதியில் அரண்மனையில் ஒரு பகுதியை ஹோட்டலாக்கினார். வருகிற வருமானத்தில் கட்டடம் பிழைத்தது. சிம்மாசன மண்டபத்தில் வெளியூர்ப் பயணிகள் நடந்தார்கள். "இதை எழுதியது யார்?" என்ற கேள்வி பிறந்தது.

பாலைவனத்து வெயிலிலும் கசிவிலும் ஐம்பது அறுபது வருஷம் நின்ற சித்திரங்கள் வெடித்தும் உரிந்தும் மங்கியும் போயிருந்தன. 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில், போலந்து சர்க்காரின் உதவியோடு அந்த நாட்டிலிருந்தே பழஞ்சித்திரம் புதுப்பிக்கும் நிபுணர்கள் ஜோத்பூர் வந்தார்கள். அரண்மனைக் கதவுகளைத் திறந்துவிட்டு ஒத்துழைத்தார் கஜ் சிங். அப்பாவின் முகம் நினைவிருக்க நியாயமில்லாத அந்த நாலு வயதுப் பாலகன்தான்! சாரம் கட்டி, பஞ்சால் ஒற்றி ஒற்றி, அங்குலம் அங்குலமாக ராமனையும் சீதையையும் மீட்டார்கள். பிறகு போலந்தில் நோர்ப்ளினுக்குக் கண்காட்சி நடந்தது; அவரைப் பற்றிப் படம் எடுத்தார்கள்; புத்தகம் போட்டார்கள். ஊரை விட்டு ஓடியவர், எழுபது வருஷம் கழித்து, ஜோத்பூர் வழியாகத் தம் ஊருக்குத் திரும்பிப் போனார்.

யோசித்துப் பாருங்கள். தாத்தா, வீடில்லாதவனுக்குச் சுவர் கொடுத்தார். சுவர், அந்த மனிதனின் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தது. பேரன், அந்தப் பெயரை அவனுடைய தேசத்துக்கே திருப்பிக் கொடுத்தார். இதற்கு நடுவே பத்திரம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, வட்டி இல்லை.

நான் இதைச் சொல்லி முடித்ததும் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கும்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, சிநேகம்தான்" என்றாள். சிறிது நேரம் கழித்து, "ராமர் பதினாலு வருஷத்தில் அயோத்திக்குத் திரும்பிவிட்டார். பாவம், இவருக்கு எழுபது வருஷம் ஆகியிருக்கிறது" என்றாள்.

நாங்கள் கீழே இறங்கும்போது சாயங்கால வெயில் அரண்மனைக் கல்லில் விழுந்தது. பகலெல்லாம் இளமஞ்சளாக இருந்த கல், பொன்னிறமாகி, பிறகு செம்பு நிறமாகி, மெல்லச் சாம்பல் பூத்தது. எதிரே கோட்டையில் விளக்கு ஏற்றினார்கள். பெரியவர் வாசல் வரை வந்து கைகூப்பினார். கையில் ஏதோ கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, மீசைக்குள்ளே சிரித்தபடி ஒரு வார்த்தை சொன்னார்: "மெஹ்மான்." விருந்தாளி என்று அர்த்தம்.

ஜோத்பூருக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பாருங்கள், நீல வீடுகளைப் பாருங்கள், மிளகாய் வடை சாப்பிடுங்கள். ஆனால் உமேத் பவனுக்கும் போய், மங்கலான விளக்கில் நிற்கும் ஏதேனும் ஒரு சித்திரத்தின் ஓரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குண்டு விழுந்த ஊரிலிருந்து ஓடிவந்த ஒருவன், பஞ்சத்தில் எழுந்த ஒரு வீட்டில், நம் தெய்வங்களுக்குக் கண் திறந்து வைத்த இடம் அது. அவனுடைய கண் பிற்பாடு மங்கிவிட்டது. அவன் திறந்து வைத்த கண்கள் மங்கவில்லை.